டிலே முன்னாலா, பின்னாலா?

அரசலாறு:
“ஓவர்டிரைவுக்கு முன்னால் டிலேயை வைப்பவருக்குக் காதே இல்லை” என்று கடைமடையார் நேற்று எழுதியிருக்கிறார். கிதாரின் ஒலியை எதிரொலியாகத் திருப்பிக் கொடுப்பது டிலே, அந்த ஒலியை உடைத்துக் கரகரப்பாக்குவது ஓவர்டிரைவ், சுருக்கமாக டிரைவ். இரண்டில் எது முன்னால் என்பதுதான் வழக்கு. இருபது ஆண்டுகளாகக் கும்பகோணம் சுற்றுவட்டாரத் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் கச்சேரி வாசிக்கும் எனக்குக் காது நன்றாகவே இருக்கிறது. ஒலிநாடாவில் எதிரொலி எழுப்பிய டேப் எக்கோ காலத்தில் அந்தக் கருவியை ஆம்பின், அதாவது கிதார் ஒலிபெருக்கியின், உள்ளீட்டில்தான் செருகினார்கள். ஆம்பே ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கியதால், எக்கோவுக்குப் பிறகுதான் டிரைவ் வந்தது. அந்த ஒலியில் மயங்கித்தானே நாம் கிதாரைத் தொட்டோம்?

கடைமடை:
ஆம்பின் டிரைவுக்குப் பிறகு டிலேயைச் செருக வழிவிடும் எஃபெக்ட்ஸ் லூப் அன்றைய ஆம்ப்களில் இல்லை. வேறு வழியில்லாமல் செய்ததை முறை என்று சொல்லாதீர்கள். கல்யாணி ராகத்தில் மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்கு நீங்கள் இழுக்கும்போது, மத்திமத்தின் எதிரொலியும் பஞ்சமமும் சேர்ந்தே டிரைவுக்குள் நுழைந்து, ஒன்றோடொன்று மோதி, நீங்கள் வாசிக்காத சுருதிகளை எல்லாம் எழுப்புகின்றன. டிலே பின்னால் இருந்தால் இரண்டும் தனித்தனியே கேட்கும். தலைமடையில் கலங்கிய தண்ணீர் கடைமடையில் தெளியாது ஐயா.

அரசலாறு:
எதிரொலி தேயத் தேய டிரைவின் கடுமையும் குறைந்து, கடைசி ஒலி சுத்தமாக அடங்குகிறதே, அது பின்னால் வைத்தால் கிடைக்குமா? டிலேயில் எதிரொலியின் அளவைச் சொல்லும் மிக்ஸைக் குறையுங்கள். கிதாரின் வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்குங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டுக்கு எதிரொலியின் இடைவெளியை முக்கால் தட்டு, அதாவது 375 மில்லிவினாடி வையுங்கள். பிறகு வந்து என் காதைப் பற்றிப் பேசுங்கள்.

வெண்ணாறு:
வால்யூமை இறக்கினால் ஒலியின் கூர்மை மங்கும் என்பதையும், அதற்குக் குமிழின் அடியில் ஒரு சிறிய கெப்பாசிட்டரைப் பற்றவைக்க வேண்டும் என்பதையும் அண்ணன் சொல்லவே இல்லை. ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் டிரைவ் எழுப்பும் ஹம் என்ற இரைச்சல் பற்றியும் பேச்சில்லை.

அரசலாறு:
தம்பி, மின்சாரத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். சென்ற ஆண்டு மயிலாடுதுறைக் கச்சேரியில் காலால் இயக்கும் என் 9 வோல்ட் எஃபெக்ட் பெடலில் முனை மாறிய அடாப்டரைச் செருகியவர் நீங்கள்தான். நடுமுனை எதிர்மின் என்று பெடலிலேயே படம் போட்டிருந்தது. கருகிய வாடை இன்னும் என் பெட்டியை விட்டுப் போகவில்லை.

வெண்ணாறு:
அன்றே மன்னிப்புக் கேட்டேன், பழுதுபார்த்த பணத்தையும் கொடுத்தேன். நான்கு பேர் முன்னால் அதை மறுபடி சொல்வது நியாயமில்லை. டிலே பின்னால்தான்.

கொள்ளிடம்:
அரசலாற்றார் டிரைவ் என்று ஆம்பைச் சொல்கிறார், கடைமடையார் பெடலைச் சொல்கிறார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யலாமே?

அரசலாறு:
ஆம்போ பெடலோ, டிலே முன்னால்தான். கடைசி எதிரொலி சுத்தமாக அடங்குவதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கடைமடை:
கல்யாணி மத்திமத்துக்கு நீங்களும் பதில் சொல்லவில்லை. வாசித்துப் பதிவேற்றுங்கள், கேட்கிறோம்.

அரசலாறு:
ஞாயிற்றுக்கிழமை பதிவேற்றுகிறேன், வால்யூம் ஏழில், டிலே முன்னால். வெண்ணாற்றுத் தம்பி என் அடாப்டர் பக்கம் வராமல் இருந்தால் போதும்.