பாலம் வருகிறது, ஆள் இறங்குமா?

குழு: முல்லை வீட்டார், வெள்ளவத்தை
சனிக்கிழமை

கஜன், காலை 7:12
📷 படம்
முல்லைத்தீவுக்குப் போகும் வழியில், வட்டுவாகலில் நிற்கிறேன். புதிய பாலத்துக்கான வேலைத்தளம் பின்னால் தெரிகிறது. முன்னால் பழைய பாலம். எதிரே ஒரு லொறி வருவதால் எங்கள் பஸ் காத்து நிற்கிறது. நடத்துநர் இறங்கிக் கையைத் தூக்கியபடி நிற்கிறார்.

குஞ்சம்மா, 7:15
வற்றாப்பளை அம்மாளே! அந்தப் பாலத்தில் பஸ் ஏறினால் நான் இன்றும் கண்ணை மூடிக்கொள்வேன். கவனம் அப்பன்.

தர்சினி, 7:21
2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கினார்கள். செப்டெம்பரில் ஜனாதிபதி வந்து வேலையைத் தொடக்கிவைத்தார். இனி ஊர் நிமிர்ந்துவிடும்.

ஆசை மாமா, 7:40
பாலம் நிமிரும். ஊர் நிமிருமா என்பது வேறு கேள்வி.

தர்சினி, 7:41
தொடங்கிவிட்டார் 😄

ஆசை மாமா, 7:58
சிரிக்காதே பிள்ளை. முப்பது வருடம் வீதி வேலையில் நின்றவன் சொல்கிறேன். கேரதீவிலிருந்து பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டிக்குப் பாதை, அதுதான் வண்டி ஏற்றும் மிதவை, ஓடிய காலத்தில் வண்டிகள் வரிசையில் நிற்கும். நிற்கிற சனம் தேநீர் குடிக்கும், பிள்ளைக்குக் கச்சான் வாங்கும். 2011 ஜனவரியில் 288 மீற்றரில் பாலம் திறந்தார்கள். நல்ல பாலம், குறை சொல்லமாட்டேன். மன்னார்ப் பக்கத்தால் யாழ்ப்பாணம் போகும்போது நாங்கள் பூநகரியில் எத்தனை முறை இறங்கியிருக்கிறோம்? ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கக்கூட இறங்கியதில்லை. வட்டுவாகல் பாலம் முடிந்தால் வான்காரன் முல்லைத்தீவையும் அப்படித்தான் கடப்பான். இறங்கி நடக்க ஓர் இடம் இருந்தால்தான் பட்டினம். வெள்ளவத்தையைப் பார். காலி வீதியில் ஓடுகிற காரா புடைவை வாங்குகிறது? பஸ்ஸால் இறங்கி நடக்கிற சனம்தான் வாங்குகிறது.

தர்சினி, 8:06
மாமா, கொழும்பில் இருந்துகொண்டு நடைபாதையும் நிழல் மரமும் கேட்பது எளிது. மாரியில் நந்திக்கடல் களப்பு நிரம்பி, முகத்துவாரம் வெட்டும்வரை அந்தப் பாலத்தின் மேலால் தண்ணீர் ஓடும். முள்ளிவாய்க்கால் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியை மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவரிடம் போய் உங்கள் தேநீர்க் கதையைச் சொல்லுங்கள்.

குஞ்சம்மா, 8:09
அது உண்மை.

ஆசை மாமா, 8:11
அதை நான் மறுக்கவில்லை. பாலம் வேண்டாம் என்று யார் சொன்னது?

சின்னண்ணா (கடை), 8:30
இப்போதுதான் கடை திறந்தேன். பாலம் இருக்கட்டும், முல்லைத்தீவில் என் கடை வாசலை யாராவது கேளுங்கள். வடிகான் மூடி உடைந்து எட்டு மாதம். பழைய கதவுப் பலகை ஒன்றைக் குறுக்கே போட்டிருக்கிறேன். வயதானவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு முறை சொல்லிவிட்டேன், குறித்துக்கொண்டார்கள்.

ஆசை மாமா, 8:34
இதைத்தான் சொல்கிறேன்! பெரிய வீதி ஏ 35, அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கு. ஒழுங்கை பிரதேச சபையின் கணக்கு. தண்ணீருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது, இரண்டும் சந்திக்கிற இடத்தில் வந்து நிற்கும். தார்க் காப்பற் போடப் போட வீதி உயரும், கடைப் படி தாழும். உன் படிக்கும் வீதிக்கும் எவ்வளவு வித்தியாசம்?

சின்னண்ணா (கடை), 8:36
ஒரு சாண் இருக்கும்.

ஆசை மாமா, 8:36
சாண் வேண்டாம். அடிமட்டம் வைத்து அள.

தர்சினி, 8:38
😂😂

கஜன், 8:52
நான் கடைக்கு வந்துவிட்டேன். அளந்தோம். ஒன்பது அங்குலம். பஸ் நிலையத்திலிருந்து மீன் சந்தைவரை நடந்தும் பார்த்தேன். நிழல் இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று வேம்பு, மற்றது தேர்தல் பதாகை.

குஞ்சம்மா, 8:54
பதாகையும் கழன்றுவிடும்.

தர்சினி, 9:03
சரி மாமா, பாதி ஒத்துக்கொள்கிறேன். புறக்கோட்டை மிதக்கும் சந்தையை 2014இல் திறந்தபோது எங்களைக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தான். இரண்டாம் முறை போனோமா? அழகு செய்தால் மட்டும் போதாது, பிறகு கூட்டிக் கழுவவும் ஆள் வேண்டும். கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.

ஆசை மாமா, 9:05
என்ன கடிதம்?

தர்சினி, 9:05
நீங்கள் இப்போது எழுதப்போகிற கடிதம்.

ஆசை மாமா, 9:31
எழுதுகிறேன். மூன்றே விடயம். சந்தைவரை இரு பக்கமும் மூடிய வடிகான். மூடியே நடைபாதையாக இருக்கட்டும், ஒரே செலவு. பஸ் நிலையத்தில் நிழல். மூன்றாவது, புதிய பாலம் பாவனைக்கு வரும்வரை பழையதில் கை வைக்கக் கூடாது. திருகோணமலைப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் காலத்தில் சனம் மிதவைப் பாதையில் போனது. 2021 நவம்பரில் அந்த மிதவை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் இறந்தார்கள். அதை மறக்க முடியாது.

சின்னண்ணா (கடை), 9:34
தட்டச்சு செய்து அனுப்புங்கள். கடைக்காரர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறேன். கஜன் அடிமட்டத்தோடு எடுத்த படத்தையும் இணையுங்கள்.

ஆசை மாமா, 9:35
பலகையும் தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுக்கச் சொல்.

குஞ்சம்மா, 9:40
கஜன், வரும்போது இறால் கருவாடு அரைக் கிலோ. இரண்டு பையில் போட்டு இறுக்கிக் கட்டு. போன முறை வெள்ளவத்தைவரை பஸ் முழுக்க மணத்தது.