சான் த்ரோப்பே போக வேண்டும்: அம்மாவுக்குச் சிவப்பு ஐசி, நடுவில் புரட்டாசி

பால்மரம் (சுங்கை சிப்புட்)

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு பிரான்சின் தென்கரைக்குப் போக எண்ணம். நான், மனைவி, 10 வயது மகள், 68 வயது அம்மா. சான் த்ரோப்பேயை ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. இணையத்தில் தேடினால் சொந்தமாகச் சொகுசுப் படகு வைத்திருப்பவர்களுக்கு எழுதியதுதான் கிடைக்கிறது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். இன்னும் சிவப்பு ஐசிதான் (மலேசிய நிரந்தரவாசியின் அடையாள அட்டை), கடப்பிதழ் இந்தியாவுடையது. அவருக்கு விசா தேவையா? எந்த ஊரில் தங்கினால் செலவு கட்டுப்படும்? அங்கே ரயில் போகுமா? புரட்டாசி என்பதால் நால்வரும் சைவம், முட்டையும் கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிந்தா வாசி

முதலில் அம்மாவின் காரியம். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் இதை முடியுங்கள்.

உங்கள் மூவருக்கும் மலேசியக் கடப்பிதழ் என்றால் விசா வேண்டாம். எந்த 180 நாளை எடுத்தாலும் ஷெங்கன் நாடுகளில் (பிரான்ஸ் உட்பட ஒரே விசா முறையில் சேர்ந்த ஐரோப்பிய நாடுகள்) மொத்தம் 90 நாள் வரை இருக்கலாம். அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் கடப்பிதழ் மூன்று மாதமாவது செல்ல வேண்டும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறைப்படி எல்லையில் முகப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். அதனால் நீஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் அவசரமாகப் பிடிக்க வேண்டிய ரயில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அம்மாவுக்குக் கட்டாயம் ஷெங்கன் விசா வேண்டும். மலேசியாவில் நிரந்தரவாசி என்பது அங்கே செல்லுபடியாகாது, கடப்பிதழைத்தான் பார்ப்பார்கள். கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. கைரேகைக்காக அம்மா நேரில் கோலாலம்பூர் வர வேண்டும். அந்த நேரம் ஒதுக்குவதற்கே சில வாரம் பிடிக்கலாம் என்பதால் ஜூனிலேயே தொடங்குங்கள்.

குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி, தங்குமிடப் பதிவு, போகவர விமானப் பதிவு, சிவப்பு ஐசி நகல் எல்லாம் சேர வேண்டும். அம்மாவுக்குத் தனி வருமானம் இல்லையென்றால் உங்கள் மூன்று மாத வங்கிக் கணக்கு, செலவை ஏற்கும் கடிதம், அவர் உங்கள் தாய் என்று காட்டும் உங்கள் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வரும். பழைய தோட்டத்துப் பத்திரங்களில் பெயர் ஒரு மாதிரியும் கடப்பிதழில் வேறு மாதிரியும் இருக்கும். இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுத்து உடன் இணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பலர் மறப்பது: அம்மா மலேசியாவுக்குத் திரும்பி நுழைவதற்கான பெர்மிட் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில்பாதை

சான் த்ரோப்பேக்கு ரயில் கிடையாது. ஊர் ஒரு தீபகற்பத்தில் ஒதுங்கி இருக்கிறது, உள்ளே போகும் முக்கியச் சாலையும் ஒன்றே ஒன்று. லா ஃபூ சந்திப்பில் எல்லாக் காடியும் (காரும்) ஒன்றாக வந்து நெரியும். பணம் இருக்கிறவனும் இல்லாதவனும் அங்கே ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். ஆகவே காடி வாடகைக்கு எடுக்காதீர்கள், ஊருக்குள் தங்கவும் வேண்டாம். ரயில் போகும் கடற்கரை ஊரான சான் ரஃபாயேலில் தங்கிப் படகில் போய் வாருங்கள். மூன்று தலைமுறையோடு போகிறவர்களுக்கு இதைவிடச் சரியான வழி இல்லை.

கேஎல்ஐஏவிலிருந்து (கோலாலம்பூர் விமான நிலையம்) நீஸுக்கு நேரடி விமானம் இல்லை. தோஹா, துபாய், இஸ்தான்புல் வழியாக மாறிப் போகலாம். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயில். மூட்டை முடிச்சோடு பஸ் மாறுவதைவிட இது எளிது.

நீஸில் இறங்கியதும் பலர் ஊருக்குள் போய் நீஸ் வில் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறார்கள். வீண் அலைச்சல். முனையத்தின் வாசலிலேயே டிராம் 2 நிற்கும். கிராண்ட் ஆரெனாஸ் நிறுத்தம் வரை அதில் கட்டணமே இல்லை. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் நீஸ் சான் ஒகுஸ்தான் ஸ்டேஷன். மேற்கே போகும் டிஇஆர் என்ற வட்டார ரயிலில் சான் ரஃபாயேல் ஏறக்குறைய ஒரு மணி நேரம். எல்லா ரயிலும் இந்தச் சிறிய ஸ்டேஷனில் நிற்காது என்பதால் பலகையைப் பார்த்து ஏறுங்கள். இடப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். கான் நகரம் தாண்டியதும் எஸ்தெரெல் மலையின் செம்பாறைகள் கடலுக்குள் இறங்கும் இடம் வரும். அந்த நேரத்தில் போன் பார்க்காதீர்கள்.

சான் ரஃபாயேலின் வெயா கடற்கரை ஊர் நடுவில் இருக்கிறது, மணல் கடற்கரை. நீஸ் கடற்கரை முழுக்கக் கூழாங்கல். வயதானவர்களுக்கும் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கும் அது சரிவராது.

படகு சான் ரஃபாயேலின் பழைய துறைமுகத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் ஓடும். செப்டம்பர் கடைசியில் நடை குறைவு என்பதால் திரும்பும் படகின் நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். தவறவிட்டால் பஸ் இருக்கிறது, சாதாரண நாளில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். கடைசிப் பஸ்ஸும் போய்விட்டால் டாக்சிதான், நூறு யூரோவைத் தாண்டும்.

செவ்வாய் அல்லது சனிக்கிழமை காலையாகப் பார்த்துப் போங்கள். அன்றுதான் பிளாஸ் தெ லீஸ் சதுக்கத்தில் சந்தை கூடும். சாலை மிக மோசமாக நெரியும் நாட்களும் அவைதான், ஆனால் படகில் வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

சமையல்கட்டு

சமையலறை உள்ள அறையாக எடுங்கள். முட்டைகூடச் சேர்க்காத சைவத்துக்கு அந்தக் கரையில் வேறு வழி தேடினால் தினமும் பொரித்த உருளைக்கிழங்குதான். பாஸ்மதி அரிசி, பருப்பு, தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். குழம்புத்தூள், புளி, பெருங்காயம் இங்கிருந்து கொண்டுபோகலாம். நெய், பால்மாவு, பால்கோவா பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பாலிலும் இறைச்சியிலும் செய்த பொருளைப் பயணிகள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். காயவைத்துப் பொடித்துக் கொள்ளுங்கள்.

சின்ன ரைஸ் குக்கர் கொண்டுபோகலாம். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், டிரான்ஸ்பார்மர் வேண்டாம். ஆனால் பிளக் வேறு: இரண்டு உருண்டைக் கம்பி, எர்த் கம்பி சாக்கெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். கடையில் மலிவாகத் தொங்கும் தட்டை அடாப்டரில் எர்த் தொடர்பு இருக்காது. போன் சார்ஜருக்கு அது போதும், குக்கருக்குப் போதாது. எர்த் துளை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

வெளியே சாப்பிட்டால் நம்பி வாங்கக்கூடியது சொக்கா. நீஸின் பழைய ஊரில் பெரிய செம்புத் தட்டில் வார்த்து விறகடுப்பில் சுடுவார்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். நம் கடலைமாவுத் தோசை போல இருக்கும். சூடாக, மிளகுத்தூள் தூவிச் சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடியவையும் இருக்கின்றன. பிசலாதியேர் பார்த்தால் வெங்காய ரொட்டி, மேலே நெத்திலி கிடக்கும். பான் பாஞ்ஞாவில் டூனா மீனும் முட்டையும். நீஸ் ராவியோலிக்குள் பெரும்பாலும் மாட்டிறைச்சி. சான் த்ரோப்பேயின் புகழ்பெற்ற தார்த் த்ரோப்பேசியன், 1955 வாக்கில் அலெக்சாந்தர் மிக்கா என்ற போலந்து ரொட்டிக்காரர் பெயர்பெறச் செய்த கிரீம் பன், அதிலும் முட்டை உண்டு. புரட்டாசி முடியட்டும். கடையில் "சான் வியாந்த், சான் ப்வாசோன், சான் எஃப்" என்று சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை இல்லாமல்.

தண்ணீர் கேட்கும்போது "கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். வெறும் "தண்ணீர்" என்றால் போத்தலைத் திறந்துவைத்துக் காசு போடுவார்கள். கார்டு தட்டும்போது யூரோவா வெள்ளியா (ரிங்கிட்டா) என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், வெள்ளிக்கு அவர்கள் போடும் விகிதம் உங்களுக்கு நஷ்டம். கிளம்பும் முன் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள்.

பால்மரம் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் மிக்க நன்றி. அம்மாவின் விசா வேலையை உடனே தொடங்குகிறேன். அவருக்கு முட்டி வலி, படியேற முடியாது. படகில் இறங்கிய பிறகு அவரோடு என்ன பார்க்கலாம்?

பழைய லயன்

தம்பி, கோட்டை மேட்டில் இருக்கிறது, அம்மாவுக்கு வேண்டாம். மனைவியும் மகளும் மட்டும் ஏறிவரட்டும். துறைமுகம் சமதரை, பிளாஸ் தெ லீஸும் சமதரைதான், பிளேன் மரங்களின் நிழலில் உட்காரலாம். லா போன்ஷ் பகுதியின் சந்துகளில் கல் பாவியிருக்கும், ரப்பர் அடியுள்ள செருப்பு போட்டுவிடுங்கள்.

துறைமுகத்தில் நிற்கும் சிலையை மட்டும் தவறவிடாதீர்கள். அது பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென். சுற்றுலாக்காரர்கள் அதன் காலடியில் நின்று சொகுசுக் கப்பல்களைத்தான் படம் எடுப்பார்கள். ஆனால் அவர் ஆங்கிலேயரோடு மோதியது நம் கரையில்: 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், அதே ஜூலையில் நாகப்பட்டினம், 1783 ஜூனில் கடலூர். நடுவே திருகோணமலையையும் பிடித்தார். நம் பாட்டன் பூட்டன் பலர் பினாங்குக்குக் கப்பலேறிய அதே நாகப்பட்டினம்தான். மகளுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

இன்னொரு தொடர்பும் உண்டு. ஜெனரல் அல்லார் 1785-இல் இந்த ஊரில் பிறந்தவர், நெப்போலியன் படையில் இருந்து பிறகு லாகூரில் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கிடம் சேர்ந்தார். இமயமலைப் பக்கத்துச் சம்பாவைச் சேர்ந்த மனைவி பன்னு பான் தேயியை இங்கே அழைத்துவந்து வீடு கட்டிக் கொடுத்தார். அந்த வீடு இன்று அந்த மனைவியின் பெயரைத் தாங்கிய ஓட்டல், வெளியே நின்று பார்க்கலாம்.

தண்ணீர் முகப்பில் உள்ள நாற்காலியில் உட்கார்ந்தால் கோப்பிக்கு இடத்துக்கும் சேர்த்துத்தான் விலை. ஒரு தெரு உள்ளே தள்ளிப் போங்கள்.

ரயில்பாதை

ஒரு சேர்க்கை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் என்றால் லே வொயில் பாய்மரப் போட்டி நடக்கும் காலம். சான் த்ரோப்பேயில் அறை விலை ஏறிவிடும், சான் ரஃபாயேல் அறையையும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவரில் நின்று பாய்மரக் கப்பல்களை இலவசமாகப் பார்க்கலாம்.

மிஸ்த்ரால் என்ற வடமேற்குக் காற்று வீசும் நாளில் படகை நிறுத்திவிடலாம். இலையுதிர் காலத்தில் திடீர் பெருமழையும் உண்டு. அதனால் சான் த்ரோப்பேக்குக் கடைசி நாளை ஒதுக்காமல் முதல் வாய்ப்பிலேயே போய்விடுங்கள், தள்ளிப்போட நாள் மிஞ்சும். படகு நின்றால் அன்று பஸ்ஸில் முட்டிமோதாமல் ரயிலேறி ஆன்திப் போங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் வோபான் துறைமுகம், பெரிய பெரிய சொகுசுக் கப்பல்கள் அங்கேயும் வரிசையாக நிற்கும்.