வாடும் சோயாவுக்குப் பொட்டாஷ் போட்டால் தாங்குமா?

கள்ளிக்குடி சம்சாரி:
கரிசலில் ஒரு ஏக்கர் சோயா, மானாவாரி. ஐப்பசியில் நல்ல மழை, கார்த்திகையில் ஒரேயடியாக நின்றுவிட்டது. இப்போதுதான் பூ எடுக்கிறது. மத்தியானம் போனால் இலையெல்லாம் புரண்டு வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டுகிறது. பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடுகிறது. உரக்கடையில், "ஒரு மூட்டை பொட்டாஷ் வீசுங்க, வறட்சி தாங்கும்" என்கிறார்கள். விற்கிற விலைக்குப் பலன் இருக்குமா?

பேரையூர் மானாவாரி:
தம்பி, மூட்டை வாங்காதீர்கள். பொட்டாஷ் வறட்சிக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் ஈரம் இருந்தால்தான் அதிலுள்ள சாம்பல் சத்து வேர்ப்பக்கம் நகரும். அதிலும் நம் கரிசல் காயக் காய அந்தச் சத்தைக் களிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இப்போது வீசுவது வெடிப்புக்குள் காசு போடுகிற மாதிரிதான்.

இலையில் காற்று போய்வரக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றைத் திறந்து மூடுவதில் இந்தச் சத்துக்குத்தான் பெரிய பங்கு. அது குறைந்த செடி வெயிலில் சட்டென்று மூட முடியாமல் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். அடி இலைகளைப் பாருங்கள். ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் பற்றாக்குறை. இலை புரள்வது வேறு விஷயம், வெயிலைக் குறைவாக வாங்கச் செடி செய்கிற வேலை அது.

இப்போதைக்கு இலைவழியாகக் கொடுங்கள். 10 லிட்டருக்கு 100 கிராம் பொட்டாஷ், ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 2 கிலோ போதும். சிவப்புப் பொட்டாஷ் என்றால் துணியில் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். வெயில் தாழ்ந்து அடியுங்கள். விடியற்காலையிலும் தொங்குகிற செடிக்கு எதை அடித்தும் பிரயோஜனமில்லை. உங்களுடையது அந்த நிலைக்குப் போகவில்லை, தைரியமாக அடிக்கலாம்.

ஒத்தக்கடை அக்கா:
தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் தம்பி? உப்புக் கிணறு என்றால் சாதா பொட்டாஷ் வேண்டாம், அதிலுள்ள குளோரைடும் சேர்ந்து இலையைக் கருக்கிவிடும். சல்பேட் பொட்டாஷ் வாங்குங்கள். சோயாவுக்குத் தேவையான கந்தகமும் அதில் இருக்கிறது. அடுத்த விதைப்புக்கு முன்னால் மண் ஆய்வு கட்டாயம் பாருங்கள். கரிசலில் சாம்பல் சத்து பெரும்பாலும் போதிய அளவு இருக்கும். குறைவு என்று வந்தால் அடியுரமாக, ஈரத்தோடு போடுங்கள்.

கள்ளிக்குடி சம்சாரி:
நன்றி அண்ணே, அக்கா. அடி இலை ஓரத்தில் மஞ்சள் இருக்கிறது. கிணறு உப்புதான், அதனால் சல்பேட்டே வாங்குகிறேன். தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள டிஏபி உரக் கரைசலையும் சேர்த்து அடிக்கலாமா?

பேரையூர் மானாவாரி:
வாடுகிற செடிக்கு ரெண்டும் ஒன்றாக வேண்டாம், உப்பு கூடிவிடும். முதலில் பொட்டாஷ். ஒரு மழை விழட்டும், அப்புறம் டிஏபி.