தோலுக்கு ‘வெயிட்’: எடையா, தடிமனா, கனமா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

காரைக்குடி, தையல் வகுப்பிலிருந்து – செவ்வாய் காலை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கல்லுக்கட்டிப் பக்கம் நான் நடத்தும் தையல் வகுப்பில் இந்த முறை தோல் தைக்கவும் சொல்லித் தருகிறேன். பைக் ஓட்டுபவர்கள் போடும் தோல் ஜாக்கெட்தான் கடைசிப் பாடம். அதற்குப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன்.

ஆங்கிலக் கையேடுகளில் தோலுக்கு ‘வெயிட்’ என்று போட்டு அவுன்சில் எண் தருகிறார்கள். நானும் முதல் வரைவில் ‘தோலின் எடை’ என்றே எழுதினேன். போன வாரம் ஒரு மாணவி வெட்டி வைத்த கைப்பகுதியை எடுத்துக்கொண்டு போய்த் தராசில் வைத்துவிட்டு, “அக்கா, 3 அவுன்ஸ்னு போட்டிருக்கு, எடை ஒத்துவரலையே” என்றாள். அவள் மேல் தவறே இல்லை. ஒரு சதுர அடித் தோல் ஒரு அவுன்ஸ் எடை இருந்தால், அது ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, அதாவது 0.4 மி.மீ. இருக்கும் என்பது பழைய கணக்கு. 3 அவுன்ஸ் என்றால் 1.2 மி.மீ. பெயர்தான் எடை, சொல்வதோ தோலின் மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள அளவு.

இதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் திருமயம் சாலையில் என் தம்பி விழுந்தான். போட்டிருந்தது தோல் ஜாக்கெட்தான். கடையில் கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறது, நல்ல தோல் என்று வாங்கியது. விழுந்த இடத்தில் முழங்கை கிழிந்து சரளை உள்ளே போய்விட்டது. அப்புறம் அளந்தேன்: 0.7 மி.மீ. கனமெல்லாம் உள்துணியிலும் ஜிப்பிலும் பக்கிளிலும் இருந்தது.

இன்னொன்று. தோள்பட்டைக்குப் பின்னால், கையை முன்னால் நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தால் விரிவதற்காக வரிசையாக மடித்துத் தைப்பார்கள். ‘அக்கார்டியன்’ என்கிறார்கள். அதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – செவ்வாய் இரவு

அம்மா, முதலில் ‘தோல்’ என்பதையே தீர்த்துக்கொள்ள வேண்டும். மாட்டின் மேல் இருப்பதும் தோல், பதனிட்டுத் தைத்ததும் தோல், வாழைப்பழத்தில் உரிப்பதும் தோல். உரித்ததற்கென்று நம்மிடம் தனிச்சொல் இருந்தது: அதள். புறநானூற்று 193-ஆம் பாட்டில் ஓரேருழவர், உரித்துப் போட்ட தோல்போலக் கிடக்கும் உவர்நிலத்தை ‘அதளெறிந்தன்ன நெடுவெண் களர்’ என்கிறார். இங்கிருந்து தொண்டிப் பக்கம் போனால் அந்தக் களரை இன்றும் பார்க்கலாம்.

தோல் என்ற சொல்லுக்குக் கேடயம் என்றே ஒரு பொருள் உண்டு. நான்காம் பாட்டில் அம்பு துளைத்த ‘தோல்’ அதுதான். 13-ஆம் பாட்டில் ‘புலிநிறக் கவசம்’ வருகிறது. பழைய உரைகாரர் அதைப் புலித்தோலால் செய்த மெய்புகு கருவி என்கிறார். அடிபடாமல் காக்கத் தோலை உடுத்துவது நமக்குப் புதிதல்ல. சொல்லும் நம்முடையதாகவே இருக்கட்டும். அதள் + திண்மை = அதட்டிண்மை. ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

ஆம்பூர், தோல் பதனிடும் தொழில் – புதன் காலை

ஐயா, வணக்கம். சங்கப்பாட்டில் எங்கள் தொழிலைக் காட்டியதற்கு மனம் நிறைந்த நன்றி. ஆனால் ‘அதட்டிண்மை’ என்பதில் என் கண்ணுக்கு முதலில் பட்டது ‘அதட்டி’. அந்தப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் படும். திண்மை என்றால் உறுதி. குறளில் வினைத்திட்பம் என்று அதிகாரமே இருக்கிறது. இங்கே ஆபத்து அதில்தான் ஐயா. எத்தனை மி.மீ. என்பது வேறு, எவ்வளவு உறுதி என்பது வேறு.

மாட்டுத்தோல் ஜாக்கெட்டுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு மொத்தமாகத்தான் வருகிறது. அதைக் குறுக்கே பிளந்து, அடிப்பக்கம் சீவி, கேட்ட அளவுக்குக் கொண்டுவருகிறோம். மேலே இருப்பது மெல்லிய, நெருக்கமான அடுக்கு. அதன் கீழே நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மேல் அடுக்கோடு சேர்ந்து வந்த 1.2 மி.மீ. ஒன்று, கீழே மிஞ்சிய பிளவுத்தோலின் 1.2 மி.மீ. இன்னொன்று. அளவியில் இரண்டும் ஒரே எண் காட்டும். கையால் இழுத்துப் பார்த்தால் தெரியும், பிளவுத்தோல் சீக்கிரம் கிழியும்.

பந்தய உடைக்கு மாட்டுத்தோலில் 1.2 முதல் 1.4 வரை போடுவார்கள். சாலையில் ஓட்டுகிறவருக்கு 1.0 முதல் 1.2 வரை இருந்தால் நன்று. 0.6, 0.7 எல்லாம் அழகுக்குப் போடுவது. கங்காருத் தோல் மாட்டுத்தோலைவிட மெலிதாக இருந்தே அதோடு போட்டி போடும். பைக் ஓட்டுபவர் உடைக்கான ஐரோப்பாவின் இஎன் 17092 தரம் ஏ, ஏஏ, ஏஏஏ என்று வகுக்கும்போது இத்தனை மி.மீ. வேண்டும் என்று கேட்பதில்லை. தேய்த்துப் பார்க்கிறது, கிழித்துப் பார்க்கிறது, தையல் பிரிகிறதா என்று பார்க்கிறது.

எடை வேண்டவே வேண்டாம். ஆவாரம்பட்டை மாதிரிப் பட்டையில் பதனிட்டது விறைப்பாக, அடர்த்தியாக இருக்கும். குரோமில் பதனிட்டது மெத்தென்று இருக்கும். ஒரே மி.மீ. ஆனாலும் இரண்டும் ஒரே எடை வராது. எங்கள் கூடத்தில் எல்லோரும் ‘எத்தனை எம்எம்’ என்றுதான் கேட்கிறோம். எழுத்தில் என்றால், பள்ளியில் தகட்டுக்குப் படித்த ‘தடிமன்’ போதும்.

யாழ்ப்பாணம் – புதன் மதியம்

வணக்கம். எங்கட பக்கத்தில் தடிமன் எண்டால் மூக்கால் ஓடுற சளிதான். ‘தோல் தடிமன்’ எண்டு வாசிச்சால் ஆக்கள் குழம்புவினம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிச்சது தடிப்பு. இரண்டு நாட்டுக்கும் ஒரே சொல் இருந்தால் எவ்வளவு நல்லது. தடிப்பை யோசிச்சுப் பாருங்கோ.

காரைக்குடி, பைக் ஓட்டுபவர் – புதன் மாலை

அண்ணா, தடிப்பு வேண்டாம். இங்கே மருந்துக்கடையில் போய் ‘தோல் தடிப்பு’ என்றால் அரிப்புக்குக் களிம்பு எடுத்துக் கொடுப்பார்கள். தோல் என்ற சொல்லோடு சேராத வரைக்கும் தடிப்பு நல்ல சொல்தான். சேர்ந்தால் நோய்.

அக்கா, கையேட்டில் வெயிலைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள். சித்திரையில் காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வரை 1.4 மி.மீ. போட்டு ஓட்டினால் இறங்கும்போது தலை சுற்றுகிறது. கவனம் போய்விடுகிறது; அதுவும் ஆபத்துதான். என்னுடையது உடம்புப் பகுதியில் 1.1, நெஞ்சில் சின்னச் சின்னத் துளை, முழங்கையிலும் தோளிலும் மட்டும் இரட்டைத் தோல். ஒரு மாதம் விறைத்துக்கொண்டு நின்றது, அப்புறம் உடம்போடு படிந்துவிட்டது. இடிக்கு முழங்கையிலும் முதுகிலும் தனிக் காப்பு வைக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். தோல் எவ்வளவு தடிமனானாலும் தேய்ப்பைத்தான் தாங்கும், இடியைத் தாங்காது.

பள்ளத்தூர் – புதன் இரவு

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் புழங்கும் சொல்லை ஏன் யாரும் எடுக்கவில்லை? நாங்கள் ‘மொத்தம்’ என்போம். ஆம்பூர்த் தம்பிகூட எழுதும்போது தன்னை அறியாமல் ‘மொத்தமாக’ என்றுதான் எழுதியிருக்கிறார். ஆத்தங்குடிக் கல் எவ்வளவு மொத்தம், கண்டாங்கி மொத்தமாக இருக்கிறது, கதவுப் பலகை மொத்தம் போதாது. எங்கள் அப்பச்சி தச்சரிடம் பேசியதெல்லாம் இந்தச் சொல்தான்.

முதுகு மடிப்புக்குச் சொல் தேடவே வேண்டாம் மகளே. கொசுவம். எங்கள் ஆச்சிமார் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டியது எதற்கு? குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்க இடம் வேண்டும் என்றுதான். உங்கள் ஜாக்கெட்டிலும் அதே வேலையைத்தானே செய்கிறது?

தேவகோட்டை – வியாழன் அதிகாலை

பின்கொசுவம்! இதைவிட நல்ல சொல் கிடைக்காது. அம்மா, அதை அப்படியே போடுங்கள்.

அதட்டிண்மையை விட்டுவிடுகிறேன். மொத்தம் நல்ல சொல், ஆனால் அட்டவணையில் ‘மொத்தம் 1.2 மி.மீ.’ என்று போட்டால் கூட்டுத்தொகை என்று படிப்பார்கள். தடிமனிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. தோல் + தடிமன், புணர்ச்சிப்படி தோற்றடிமன். பிரித்து எழுதித்தான் தப்பிக்க வேண்டும்.

நான் கேட்பது ‘கனம்’. வெயிட் என்ற ஆங்கிலச் சொல் செய்யும் இரண்டு வேலையையும் தமிழில் செய்யும் சொல் இது ஒன்றுதான். கனத்த மூட்டை என்றால் எடை, கனத்த அட்டை என்றால் தடிமன். வடசொல் என்று யாரும் வராதீர்கள். கனையிருள், கனைபெயல் என்று சங்கப்பாட்டு செறிவைச் சொல்கிறதே, அந்தக் கனையின் உறவு இது என்றே நான் கருதுகிறேன்.

ஜாக்கெட்டுக்கும் சொல் கேட்பீர்கள் என்று இரவெல்லாம் யோசித்தேன். முல்லைப்பாட்டில் யவனர் ‘மெய்ப்பை’ புகுந்து நிற்கிறார்கள். மெய் புகும் பை. அவர்கள் இடுப்பில் சுற்றியிருப்பது மத்திகை, குதிரைச் சவுக்கு. அந்தச் சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். மெய்யை மூடும் மேலுடைக்குச் சங்க காலத்திலேயே நம்மிடம் பெயர் இருந்தது!

ஆம்பூர் – வியாழன் காலை

மெய்ப்பை கேட்கவே இனிக்கிறது ஐயா. ஆனால் கடையில் ஜாக்கெட் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். முன்னுரையில் ஒரு வரி எழுதலாம், அது போதும்.

அளப்பது பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பள்ளிக்கூடத்துத் திருகு அளவியால் தோலை அளக்க வேண்டாம் என்று எழுதுங்கள். தோல் அமுங்கும். இன்னொரு சுற்றுத் திருகினால் 1.2 என்பது 1.1 ஆகிவிடும். ஒரே அழுத்தத்தில் அமுக்கும் முள் அளவியை வைத்து, சில வினாடி பொறுத்து, முள் நின்ற பிறகு எண்ணைக் குறிக்க வேண்டும். வயிற்றுப்பக்கத் தோல் தளர்வாக இருக்கும், முதுகுப்பக்கம் இறுக்கமாக இருக்கும். அதனால் நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். முழங்கைக்கு முதுகுத் தோலைத்தான் வெட்ட வேண்டும்.

தேவகோட்டை – வியாழன் காலை

பார்த்தீர்களா தம்பி! அமுக்கினால் குறைகிற ஒன்றைத் தகட்டின் தடிமனோடு எப்படிச் சேர்ப்பீர்கள்? செறிவும் அளவும் கலந்த ஒன்று அது. அதைத்தான் கனம் என்கிறேன்.

காரைக்குடி, தையல் வகுப்பிலிருந்து – வியாழன் இரவு

ஐயா, உங்கள் வாதத்தைப் பலமுறை படித்தேன். இரண்டு பொருளையும் ஒரே சொல் தாங்குகிறது என்பது உண்மை. என் தம்பி ஏமாந்ததும் அந்த இடத்தில்தான். கையில் தூக்கிப் பார்த்து “கனமாக இருக்கிறது” என்றான், அதை அவனே “தடிமனாக இருக்கிறது” என்று எடுத்துக்கொண்டான். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கையேடே எழுதினேன். மறுபடி ஒரே சொல்லில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று மாலை வகுப்பில் 0.7, 1.2 என இரண்டு துண்டுத் தோலைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் நிமிண்டிப் பார்க்கச் சொன்னேன். எது தடிமன் என்று கேட்டேன். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். எது கனம் என்று கேட்டபோது, மெலிந்த தோல் அகலமாக இருந்ததால் மூன்று பேர் அதைக் காட்டினார்கள்.

ஆகவே அட்டவணைத் தலைப்பில் ‘தடிமன் (மி.மீ.)’ என்று போகிறது, தோல் என்ற சொல்லை ஒட்டாமல் தனியாக. அவுன்சை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டேன். பின்கொசுவம் ஒன்பதாம் பக்கத்தில், படத்தோடு. முன்னுரையில் மெய்ப்பை ஒரு வரி. யாழ்ப்பாணத்து அண்ணன் அங்கே நகல் எடுப்பதானால் தடிப்பு என்று மாற்றிக்கொள்ளலாம், எனக்கு முழுச் சம்மதம்.

யாழ்ப்பாணம் – வெள்ளி காலை

நன்றி தங்கச்சி. அப்பிடியே செய்யிறன்.

தேவகோட்டை – வெள்ளி காலை

கனமே சரி என்று நான் இன்னும் நினைக்கிறேன். குழுவின் பதிவில் அது இருக்கட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் கோப்பை எனக்கு அனுப்புங்கள் அம்மா, பத்து மணிக்குள் ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன். ஆம்பூர்த் தம்பி எழுதிய ‘பிளவுத்தோல்’ நல்ல சொல். அது எட்டாம் பக்கத்தில் வந்திருக்கிறதா?