ஏர்பேக் லைட் அணையவே மாட்டேங்குது, அவசரம்

நீலவண்டி: சிவப்பு ஏர்பேக் லைட் நேத்துலேருந்து எரிஞ்சிக்கிட்டே இருக்கு. மத்தபடி வண்டி நல்லா ஓடுது. பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா போயிடுமா? நாளைக்கு வெளியூர் போகணும்.

ஸ்பேனர்12: எந்த வண்டி, எந்த வருஷம்? சாவி போட்டதும் சில நொடி அணைஞ்சு மறுபடி எரியுதா, அணையறதே இல்லையா? ஹார்ன் அடிக்குதா?

சுருள்கம்பி: கிளாக் ஸ்பிரிங்தான், ஸ்டீயரிங்குக்குள்ள இருக்கற வயர் சுருள். ஸ்டீயரிங் திரும்பித் திரும்பி உள்ளே இருக்கற ரிப்பன் கேபிள் அத்துப்போகும். டிரைவர் ஏர்பேக்குக்குக் கரன்ட் அது வழியாத்தான் போகுது. ஹார்னும் சேர்ந்து போயிருந்தா சந்தேகமே வேண்டாம்.

மூத்தவன்: இதே கேள்வி எத்தனை தடவை! தேடிப் பார்க்கற பழக்கமே கிடையாதா? பேட்டரியைக் கழட்டினா வண்டியில பதிவான கோளாறு எண், அதான் கோட், அழியாது. சாதாரண இன்ஜின் ஸ்கேனர் பெரும்பாலும் இதைப் படிக்காது, எஸ்.ஆர்.எஸ்., அதாவது ஏர்பேக் அமைப்பைப் படிக்கறது வேணும். லைட் எரியற வரைக்கும் மோதினா ஏர்பேக் விரியும்னு நம்பாதீங்க.

கரன்ட்கம்பி: ஸ்கேனர் கிடைக்கலன்னா மல்டிமீட்டர் வச்சு ஏர்பேக் முனையில 2 ஓம் வருதான்னு பாருங்க.

ஸ்பேனர்12: தயவுசெஞ்சு வேண்டாம்! மீட்டர் விடற கரன்ட்லயே பை வெடிச்சு விரியலாம். ஏர்பேக்கைக் கழட்டிட்டு அந்த இடத்துல 2 ஓம் ரெசிஸ்டர் மாட்டித்தான் சோதிப்பாங்க.

பயணி: பெல்ட் போட்டுக்கிட்டு ஓட்டினா போதாதா? ஏர்பேக் எதுக்கு?

சுருள்கம்பி: ரெண்டும் வேணும். பை விரிய 30 மில்லிசெகண்ட் மாதிரிதான் ஆகும். பெல்ட் இல்லன்னா பிரேக் பிடிக்கும்போதே உடம்பு முன்னால போயிடும், விரிஞ்சிக்கிட்டிருக்கற பை முகத்துல அறையும். தலை வந்து சாயறப்போ பை முழுசா விரிஞ்சு, பின்னால இருக்கற துளை வழியா வாயு இறங்கணும். அதனாலதான் மார்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 செ.மீ. இடைவெளி விடச் சொல்றது.

பயணி: வேகம் கம்மியா போனா பெல்ட் மட்டும் போதும்னுதான் நினைக்கறேன்.

மூத்தவன்: மெதுவான மோதல்ல முன் ஏர்பேக் விரியாது, பெல்ட்தான் தாங்கும். அது வேற பேச்சு, வேற இழை போடுங்க.

நீலவண்டி: சொல்ல விட்டுட்டேன், முந்தாநாள் சீட்டைக் கழட்டித் தரைவிரிப்பு கழுவினேன். ஹார்ன் அடிக்குது.

ஸ்பேனர்12: இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! அப்போ கிளாக் ஸ்பிரிங்கா இருக்க வாய்ப்பு கம்மி. சீட்டுக்கு அடியில ஏர்பேக் அமைப்போட மஞ்சள் கனெக்டர் இருக்கும். சாவியை எடுத்துட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழட்டி 10 நிமிஷம் காத்திருங்க, ஏர்பேக் கட்டுப்பாட்டு யூனிட்ல மின்சாரம் சேமிப்பு இருக்கும். ஈரத்தைத் துடைச்சு, லாக் 'டக்'னு விழற வரைக்கும் அழுத்துங்க. கனெக்டர் கழண்டிருக்கும்போது சாவி போட்டாலே கோட் பதிவாயிடும், அதை ஸ்கேனர்ல அழிக்கணும்.

சுருள்கம்பி: சில வண்டிகள்ல கோளாறு போனதும் லைட் தானா அணையும், பழைய கோட் மட்டும் நினைவுல நிக்கும்.

நீலவண்டி: லாக் பாதிதான் ஏறியிருந்தது. கோட் அழிச்சாச்சு, லைட் போயிடுச்சு. நன்றி.

ஸ்பேனர்12: கோட் எண் என்னன்னு போடுங்க, வண்டி மாடலும்.