120 வயசு வரைக்கும் இருப்பேன்னு சொன்ன ஆள நேர்ல பாத்திருக்கீங்களா? உங்க அனுபவத்த எழுதுங்க

ராத்திரி ஷிப்ட்:
நானே ஆரம்பிக்கிறேன். ரூம்மேட், வயசு 33, பிரையன் ஜான்சன் பைத்தியம். வயசாகாம இருக்க கோடி கோடியா செலவழிக்கிற அமெரிக்க பணக்காரர், ஒரு கட்டத்துல தினம் நூறு மாத்திரை, காலைல 11 மணியோட சாப்பாட்டுக்கு முழுக்கு, அந்தாளேதான். நம்மாளுக்கு நூறு கட்டுபடியாகல, அதனால 26. என்எம்என், ஒமேகா 3, பூண்டு கேப்சூல், இன்னும் வாயில நுழையாத பேரெல்லாம். வெண்டைக்காயக்கூட தராசுல வச்சு கிராம் பாத்துத்தான் வதக்குவான், எனக்கு அதெல்லாம் பழகிப்போச்சு.

ஒரு சனிக்கிழம மத்தியானம் அவங்கம்மா சொல்லாம கொள்ளாம அருப்புக்கோட்டைலேர்ந்து வந்துட்டாங்க. தூக்குவாளி நெறைய நாட்டுக்கோழிக் கொழம்பு, பஸ்ல மடியிலயே வச்சுட்டு வந்ததுல சேலையெல்லாம் எண்ணெ. இவன் "மணி பதினொண்ணு தாண்டிருச்சும்மா, நாளைக்கு சாப்புடுறேன்"னுட்டு ஜிம்முக்கு போயிட்டான். அம்மா டம்ளர் தேடப்போன எடத்துல மாத்திரை டப்பா கண்ணுல பட்டுருச்சு, கெழமைக்கு ஒரு கட்டம்னு இருக்குமே அது. ஒரு கட்டத்த தொறந்து உள்ளங்கையில கொட்டி ஒண்ணொண்ணா எண்ணுனாங்க. இருபத்தாறு வந்ததும் திரும்ப போட்டு மூடிட்டு, கொரலே எழும்பாம, "தம்பி, எங்கிட்ட மறைக்காதய்யா. இவனுக்கு என்ன சீக்கு?"

நான் சிரிச்சுட்டேங்க. அதான் இன்னமும் உறுத்துது. "நல்லா இருக்கத்தாம்மா சாப்புடுறான்"னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். "நல்லா இருக்கறவன் எதுக்குய்யா மாத்திரை திங்கிறான்"னாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

மருந்துக்கடை 22 வருஷம்:
சிரிச்சதோட போச்சுன்னு நெனச்சுக்கங்க தம்பி. விட்டமின் டி பாக்கெட் தெரியும்ல, 60,000 யூனிட், வாரம் ஒண்ணுன்னு எட்டு வாரத்துக்குத்தான் வழக்கமா எழுதுவாங்க. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் ஏதோ வீடியோ பாத்துட்டு, வயசாவுறதயே நிறுத்திடும்னு தெனம் ஒண்ணு பால்ல கலந்து குடிச்சிருக்காரு. மூணு கடைல மாத்தி மாத்தி வாங்குனதால யாருக்கும் சந்தேகம் வரல. ஒருநா கடை வாசல்ல நின்னு தண்ணி கேட்டார், குடுத்தேன், இன்னும் கேட்டார், ஒரு லிட்டர் பாட்டில நின்ன எடத்துலயே காலி பண்ணிட்டு "தம்பி, நம்ம வீடு எந்தத் தெருப்பா?"ன்னார். எதுத்த தெரு. எனக்கு பாடம் எடுத்த மனுசன். ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னி வரைக்கும் போயிருச்சு, பதினோரு நாள் பெட்டுல கெடந்தாரு. விட்டமின் சி மாதிரி இது மூத்திரத்துல போயிடாது, கொழுப்புல போய் ஒக்காந்துக்கும். மூணு கடை பில்லுல ஒண்ணு என் கையால போட்டது.

கடுக்காய் பிரியன்:
மருந்துக்கடை அண்ணே, சீட்டு இல்லாம எடுத்துக் குடுத்துட்டு இப்ப வருத்தப்பட்டு என்ன பண்றது. நம்ம சித்தருங்க காயகல்பம்னு எப்பவோ சொல்லி வச்சுட்டாங்க, அத விட்டுட்டு வெளிநாட்டுக்காரன் பின்னாடி ஓடுனா இப்படித்தான். எங்க தாத்தா ராவுல கடுக்காய், 94 வயசு, சாவுற அன்னைக்கு காலைல கூட மாடு கறந்தார், அவ்வளவுதான் என் அனுபவம்.

எடுத்துக்கிற முறை யாரும் சரியா சொல்றதில்ல அதனால சொல்றேன். காலைல இஞ்சி, மத்தியானம் சுக்கு, ராத்திரி கடுக்காய், ஒரு மண்டலம், அதாவது 48 நாள். இஞ்சியோட தோல சீவணும், சாறு எடுத்தா ஒடனே குடிச்சிடாதீங்க, கொஞ்ச நேரம் வச்சா அடியில வெள்ளையா மண்டி தங்கும், அத விட்டுட்டு தெளிஞ்சத மட்டும் எடுக்கணும். சுக்குக்கு வெளிய நஞ்சு, கடுக்காய்க்கு உள்ள நஞ்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க, அதனால சுக்கையும் மேல சொரண்டணும், கடுக்காய்ல கொட்டைய தட்டி எடுத்துட்டு மேல்தோல மட்டும் இடிக்கணும். கடையில விக்கிற பொடில கொட்டையோட அரைச்சானா இல்லையான்னு யாருக்குத் தெரியும், முழுசா வாங்கி வீட்லயே இடிங்க. மொத நாலு நாள் வயித்தால போகும், பயந்துக்காதீங்க, ஆபீசுக்கு லீவு போட முடிஞ்சா போடுங்க. கர்ப்பமா இருக்கறவங்க தொடவே கூடாது. புளியக் கொறைங்க. பகல்ல தூங்காதீங்க.

எலி வளை:
94ங்கிறது ரேஷன் கார்டு கணக்கா, இல்ல பெரிய புயல் அடிச்ச வருசத்துல பொறந்தாருங்கிற கணக்கா? கோவப்படாதீங்க. சால் நியூமன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2024ல இக் நோபல் (சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கு குடுக்குற பரிசு) வாங்குனவர், இதத்தான் நோண்டுனார். அமெரிக்காவுல மாநிலம் மாநிலமா பிறப்புச் சான்றிதழ் வந்த ஒடனே 110 வயசுக்காரங்க எண்ணிக்கை சடார்னு எறங்கிருச்சு. அதிகம் கேள்வி கேட்டும் தாங்கி நிக்கிற ரெக்கார்டு பிரான்சுல ஜான் கால்மான் பாட்டியோடது, 122 வயசு, 1997ல போனாங்க. அது சாக்லேட், ஒயின், சிகரெட்டுன்னு வாழ்ந்த பாட்டி.

என் அனுபவம் எங்க சித்தி. கொரோனா டைம்ல சீந்தில் கொடி கஷாயம், எதிர்ப்பு சக்தின்னு ஆரம்பிச்சு அப்புறம் ஆயுசுக்கும் நல்லதுன்னு மாசக்கணக்கா குடிச்சுட்டு இருந்தாங்க. வீடியோ கால்ல மொகம் மஞ்சளா தெரிஞ்சுது. "சித்தி, டியூப்லைட்ட மாத்துங்க"ன்னு நான் வெளையாட்டா சொன்னேன், அவங்களும் சிரிச்சாங்க, பத்து நாள் கழிச்சு மஞ்சக்காமால. இதே கொடியால கல்லீரல் கெட்ட ஆறு பேரப் பத்தி மும்பை டாக்டருங்க 2021ல எழுதியிருக்காங்க. கொடில பிரச்சன இல்ல, கொடி மாறிப்போச்சுன்னு சண்டைக்கு வருவீங்க, தெரியும்.

கடுக்காய் பிரியன்:
கொடி மாறித்தான் போச்சு. பறிக்கத் தெரிஞ்சவன்கிட்ட வாங்கணும்.

மாஸ்க் போட்ட அக்கா:
கிட்னி மாத்துன பேஷண்ட் வர்ற ஓபில நர்ஸ். வயசாகாம இருக்க ராபமைசின்னு ஒரு மாத்திரைய பத்தி வெளிய பேசிக்கிறாங்கள்ல, அது எங்களுக்கு சிரோலிமஸ், மாத்துன கிட்னிய ஒடம்பு தள்ளிடாம இருக்க எதிர்ப்பு சக்திய அமுக்குற மாத்திர. ஈஸ்டர் தீவு மண்ணுல கெடச்ச கிருமிலேர்ந்து வந்தது, எலிக்கு ஆயுசக் கூட்டுச்சுன்னு 2009ல வந்ததுலேர்ந்து இதுக்கு இந்த மவுசு. போன வருசம் நல்லா கட்டுமஸ்தா ஒருத்தர், நாப்பது வயசிருக்கும், டோக்கன் போட்டு வந்து ஒக்காந்தார். வாயெல்லாம் புண்ணு, பேசவே முடியல. எந்த வருசம் ஆபரேஷன்னு கேட்டேன், ஆபரேஷனே இல்லையாம், வயசாகாம இருக்க தானா வாங்கிப் போடுறாராம், எவ்வளவு போட்டா புண்ணு வராதுன்னு கேக்க வந்திருக்கார்.

பக்கத்து சேர்ல மூணு வருசமா எங்ககிட்ட வர்ற தம்பி, அவங்கம்மா கிட்னி குடுத்தது. அவன் இவரையே பாத்துட்டிருந்துட்டு "சார், உங்களுக்கு வேணாம்னா அந்த எதிர்ப்பு சக்திய எனக்கு குடுத்துடுங்க"ன்னான். கிண்டலா இல்ல, நெசமாவே கேட்ட மாதிரி இருந்துச்சு. அவர் எந்திரிச்சு போயிட்டார், டோக்கன் காசு கூட திரும்பக் கேக்கல. ஜான்சனே 2024ல அத நிறுத்திட்டார், தோல்ல இன்பெக்சன், சர்க்கர, கொழுப்பு எல்லாம் ஏறுதுன்னு.

சன்னிவேல் வாசி:
எனக்கு மாத்திர ஆளு இல்ல, பட்டினி ஆளு. ஆபீஸ்ல கூட வேல பாத்த வெள்ளைக்காரர், அறுபது தாண்டுனவர், பல வருசமா கலோரி எண்ணியே சாப்புடுறவர். ராய் வால்ஃபோர்ட் ரசிகர், அதான் அரிசோனாவுல கண்ணாடி கட்டடத்துக்குள்ள 1991லேர்ந்து ரெண்டு வருசம் அடைஞ்சு கெடந்த எட்டு பேர்ல டாக்டரா இருந்தாரே, கலோரியக் கொறைச்சு சாப்பிட்டா 120 வரைக்கும் போகலாம்னு சொல்லிட்டு 79ல நரம்பு நோய்ல போயிட்டாரே, அவரு. ஆகஸ்ட் வெயில்ல ஸ்வெட்டர் போட்டிருப்பார், கை குடுத்தா ஐஸ். எங்க வீட்டு கொலுவுக்கு வந்தவர் எதையும் தொடல. என் பொண்டாட்டி நெய் ரோஸ்ட் ஊத்திட்டிருந்தா. அடுப்புக்கிட்ட வந்து நின்னு கண்ண மூடி ஒரு இழுப்பு இழுத்துட்டு, "இது போதும், இதுல கலோரி இல்ல"ன்னார். அப்புறமும் நகரல. நாலாவது தோச வரைக்கும் அங்கயே நின்னார். அவ கடைசில அடுப்ப அணைச்சுட்டா, எங்களுக்கே சாப்புட ஒரு மாதிரி ஆயிடுச்சு.

பேரு வேணாம்:
கடுக்காய் அண்ணே, சுகருக்கு மாத்திர போடுறவங்க ராத்திரி கடுக்காய் எடுக்கலாமா?

மருந்துக்கடை 22 வருஷம்:
அத அவர்கிட்ட கேக்காதீங்க. எங்கிட்டயும் கேக்காதீங்க. மாத்திர எழுதுன டாக்டர்கிட்ட கேளுங்க.

ராத்திரி ஷிப்ட்:
எல்லாத்தையும் படிச்சேன். அவங்கம்மா விசயம் முடியல, அதச் சொல்லத்தான் வந்தேன். மகனுக்கு சொகமாகணும்னு வேண்டிக்கிட்டு போன வாரம் பழனில மொட்ட போட்டுட்டாங்க. தலையில சந்தனம் பூசி, மலையடிவாரத்துல நின்னு எடுத்த போட்டோ எனக்கு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. கீழ வாய்ஸ் மெசேஜ், "அவன்கிட்ட காட்டாத தம்பி, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவான்." அவன் இப்ப பக்கத்து ரூம்ல தூங்குறான், எட்டரைக்கே லைட்ட அணைச்சுருவான்.