ஜம்ப்சீட்டில் பேஸுக்குப் போய்வருதல்: காஸ் ‘பதிவு இல்லை’ என்கிறது, கேபினில் இடம் கிடைத்தாலும் கேப்டனைப் பார்க்க வேண்டுமா?

கேள்வி

வணக்கம். அமெரிக்காவில் ஒரு ரீஜனல் விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராகச் சேர்ந்து, பயிற்சி முடிந்து, அண்மையில்தான் லைன் பணிக்கு வந்திருக்கிறேன். குடும்பம் நாஷ்வில்லில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த பேஸ், அதாவது பணி தொடங்கும் விமான நிலையம், சிகாகோ ஓஹேர். ஆகையால் வேலைக்குப் போகவும் திரும்பவும் பிற நிறுவனங்களின் விமானங்களில் ஜம்ப்சீட் (காக்பிட்டில் உள்ள கூடுதல் இருக்கை) கேட்டே பயணம் செய்கிறேன்.

இதில் இரண்டு சிக்கல்கள். கேட் ஏஜென்ட் என் விவரத்தைக் காஸ் (CASS, காக்பிட்டில் அமர வருபவரைச் சரிபார்க்கும் கணினி) அமைப்பில் உள்ளிடும்போது சில நாட்களில் படத்துடன் அனுமதி வருகிறது, சில நாட்களில் ‘பதிவு இல்லை’ என்று வருகிறது. நிறுவன அடையாள அட்டை, பைலட் சான்றிதழ், மெடிக்கல் (உடல்தகுதிச் சான்று) மூன்றும் செல்லுபடியாகும் நிலையில்தான் உள்ளன. இரண்டாவது, கேபினில் இருக்கை காலியாக இருந்தால் ஏஜென்ட் சீட்டைக் கையில் கொடுத்து, “நேரமில்லை, நேராகப் போய் உட்காருங்கள்” என்று சொல்லிவிடுகிறார். அப்போதும் முன்னால் போய்க் கேப்டனிடம் கேட்க வேண்டுமா, அல்லது புறப்பாட்டு வேலையில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதையா? என்னோடு சேர்ந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில் (737 கேப்டன்)

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். கேட்டே ஆக வேண்டும். கேபினில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் கேட்க வேண்டும்.

காக்பிட்டுக்குள் யாரை அனுமதிக்கலாம் என்பதை ஃபெடரல் விமான விதிகளின் 121.547-ஆம் பிரிவு சொல்கிறது. உங்களைப் போல வெளி நிறுவனத்திலிருந்து வருபவருக்கு விமான நிறுவனத்தின் அனுமதியும் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் அனுமதியும் இருந்தால் மட்டும் போதாது. அவற்றுடன் கேப்டனின் அனுமதியும் சேர வேண்டும். பாதுகாப்பு கருதி எவரையும் காக்பிட்டிலிருந்து வெளியேற்றக் கேப்டனுக்கு இருக்கும் அவசர அதிகாரத்தை இந்தப் பிரிவு குறைக்கவில்லை என்பதையும் அதே இடத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். கேபின் இருக்கைக்கு இந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் டிக்கெட் வாங்கிய பயணி அல்லர். ஜம்ப்சீட்டர் என்ற கணக்கில்தான் அந்த விமானத்தில் ஏறுகிறீர்கள், அந்த ஏற்பாடே கேப்டனின் இசைவின்மேல் நிற்கிறது. ஏஜென்ட் தருவது ஓர் இருக்கை எண் மட்டுமே.

தொந்தரவு என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் அதற்கு விடை எப்படிக் கேட்பது என்பதில்தான் இருக்கிறது. விமானத்துக்குள் நுழைந்ததும் முதலில் கேபின் குழுவினரிடம் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். காக்பிட் வாசலில் நின்று உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள்; செக்லிஸ்ட் படித்துக்கொண்டிருந்தாலோ, கட்டுப்பாட்டு அறையிடம் கிளியரன்ஸ் (பறக்கும் அனுமதி) வாங்கிக்கொண்டிருந்தாலோ, அவர்கள் திரும்பும்வரை பேசாமல் நில்லுங்கள். அட்டை, சான்றிதழ், மெடிக்கல் மூன்றும் பர்ஸுக்குள் அல்லாமல் கையில் இருக்கட்டும். பிறகு பெயரையும் நிறுவனத்தையும் சொல்லி, “கேப்டன், ஓஹேர் வரை உங்களுடன் வரலாமா?” என்று கேளுங்கள். “நான்தான் உங்கள் ஜம்ப்சீட்டர்” என்று அறிவித்துவிட்டுப் பையை உள்ளே வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களையும் ஏற்றிக்கொண்டுதான் போகிறோம், ஆனால் மனதுக்குள் ஒரு நெருடல் இருக்கும்.

ஏஜென்ட் அவசரப்படுத்தினால் அவரோடு வாதாட வேண்டாம். தலையாட்டிவிட்டு நடங்கள், உங்கள் இருக்கைக்குப் போகும் வழியில்தான் காக்பிட் இருக்கிறது.

பதில் (பைலட் சங்கத்தின் ஜம்ப்சீட் குழுவில் பணியாற்றுபவர்)

காஸ் சிக்கலுக்கு வருகிறேன். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு வெளி நிறுவனப் பைலட்டுகள் காக்பிட்டில் அமர்வது நிறுத்தப்பட்டது. ஒருவர் இன்றும் பணியில் இருக்கிறாரா, அட்டையில் உள்ளவர்தானா என்பதைக் கேட்டிலேயே சரிபார்க்க வழி கிடைத்த பிறகுதான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. அந்த வழிதான் காஸ். உங்கள் பதிவை வைத்திருப்பதும் திருத்துவதும் உங்கள் நிறுவனமே. கேட்டில் இருப்பவரால் பார்க்க மட்டுமே முடியும், எதையும் மாற்ற முடியாது.

பதிவே ஏறவில்லை என்றால் எப்போதும் மறுப்புதான் வரும். உங்களுக்கு ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை என்பதால், எந்த நிறுவனத்தின் பெயரில் தேடுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ரீஜனல் விமானங்கள் பெரிய நிறுவனத்தின் வண்ணத்திலும் பெயரிலும் பறப்பதால், ஏஜென்ட் அந்தப் பெரிய நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து உங்கள் ஊழியர் எண்ணை அடிக்கிறார். அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்களுக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தின் குறியீட்டைச் சொல்லி, அதன்கீழ் தேடும்படி பணிவாகக் கேளுங்கள். ஊழியர் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதையும் உங்கள் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் வரவில்லை என்றால் காக்பிட் இருக்கை கிடையாது. கேப்டன் மனம் வைத்தாலும் முடியாது, அவரிடம் போய் முறையிடவும் கூடாது. பல நிறுவனங்களில் கேபின் இருக்கை மீதமிருந்தால் அப்போதும் ஏற்றிக்கொள்வார்கள். காஸ் அனுமதி உள்நாட்டு விமானங்களுக்கானது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. எந்தக் குறியீட்டில் தேடுகிறார்கள் என்று நான் இதுவரை கவனிக்கவில்லை. காக்பிட்டில் உட்கார்ந்த பிறகு எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும். ஜம்ப்சீட் பட்டியலில் முதலாவதாக இருந்தும் இருக்கையை இழக்க நேருமா?

பதில் (737 கேப்டன்)

இழக்க நேரும். அந்த நிறுவனத்தின் சொந்தப் பைலட் வந்தால் அவருக்கே முன்னுரிமை. எஃப்.ஏ.ஏ. இன்ஸ்பெக்டர் ஆய்வுக்காக வந்தால் காக்பிட்டின் முன்பக்க அப்சர்வர் இருக்கையை (அதாவது ஜம்ப்சீட்டை) அவருக்குக் கொடுத்தாக வேண்டும். எடைக் கட்டுப்பாடு இன்னொன்று: ஓஹேரில் வானிலை மோசமாகி, மாற்று விமான நிலையத்துக்கான எரிபொருளும் ஏறினால், சிறிய ஜெட்டுகளில் முதலில் கேள்விக்குள்ளாவது நம் இடம்தான். பல கேப்டன்கள் தரையிலிருந்து விமானத் திட்டம் போடும் டிஸ்பாட்சரை அழைத்துக் கணக்கை மறுபடி பார்க்கச் சொல்லி நம்மை ஏற்றிக்கொள்ள முயல்வார்கள். முயன்றும் முடியாதபோது, முயன்றதற்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குங்கள்.

உள்ளே உட்கார்ந்துவிட்டால் நீங்கள் கூடுதலாக ஒரு ஜோடிக் கண்கள். ஆக்சிஜன் மாஸ்க், பெல்ட், வெளியேறும் வழி ஆகியவற்றை அவர்கள் விளக்கும்போது, அந்த விமானத்தையே நீங்கள் ஓட்டுபவராக இருந்தாலும், கேட்டுக்கொள்ளுங்கள். 10,000 அடிக்குக் கீழே பணிக்குத் தேவையற்ற பேச்சு கூடாது என்ற ஸ்டெரைல் காக்பிட் விதி உங்களையும் கட்டும். ஆனால் ஓடுபாதையைக் கடக்கும் வேறொரு விமானமோ, தவறாகச் செட் செய்த உயரமோ கண்ணில் பட்டால் எந்த உயரத்திலும் உடனே சொல்லுங்கள். கைபேசியில் படம் எடுக்காதீர்கள். மது விஷயத்தில் பேச்சே இல்லை. காக்பிட்டில் உட்காரப்போகிறவர் அதன் வாடையோடு வரக்கூடாது. நேரத்தை எண்ணிக் கணக்குப் பார்க்கும் நிலையில் இருந்தால் அன்று ஜம்ப்சீட் கேட்காதீர்கள்.

கேப்டன்கள் உங்கள் முகத்தையும் காகிதங்களையும் இரண்டாவது முறை பார்த்தால் வருந்தாதீர்கள். 1994 ஏப்ரல் 7 அன்று ஃபெட்எக்ஸ் 705-இல் ஜம்ப்சீட்டராக வந்த சக ஊழியரே சுத்தியலால் தாக்கி மூன்று விமானிகளையும் படுகாயப்படுத்தினார். அந்த நிலையிலும் அவர்கள் மெம்ஃபிஸுக்குத் திரும்பித் தரையிறக்கினார்கள். 2023 அக்டோபர் 22 அன்று எவரெட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன ஹொரைசன் விமானத்தில், ஜம்ப்சீட்டில் இருந்த பணியில் இல்லாத பைலட் எஞ்சின் தீயணைப்புக் கைப்பிடிகளை (இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும்) இழுக்க முயன்றார். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2018 அக்டோபர் 28 அன்று டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்த லயன் ஏர் 737 மேக்ஸில் மூக்கு தானாகக் கீழே போனபோது, விமானிகள் அதைச் சமாளிக்க உதவியவர் ஜம்ப்சீட்டில் இருந்த மூன்றாவது பைலட். மறுநாள் அதே விமானம் அவர் இல்லாமல் பறந்து கடலில் விழுந்தது.

பதில் (ஏர்பஸ் ஃபர்ஸ்ட் ஆபீசர்)

மேலே யாரும் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன். பணி தொடங்கும் நேரத்துக்குச் சரியாகக் கொண்டுசேர்க்கும் ஒரே ஒரு விமானத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் கம்யூட்டர்களுக்கென (வேறு ஊரிலிருந்து பேஸுக்கு வந்துபோகிறவர்களுக்கென) ஒரு ஷரத்து உண்டு. சொன்ன நிபந்தனைப்படி முயன்றும் இடம் கிடைக்காவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று அது காக்கும். பொதுவாக இடமுள்ள இரண்டு விமானங்களாவது கையில் இருந்திருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் எப்படி இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். நாஷ்வில்லிலிருந்து ஓஹேருக்கு மட்டுமல்ல, சிகாகோவின் இன்னொரு விமான நிலையமான மிட்வேக்கும் விமானங்கள் உண்டு என்பதால் இரண்டையும் பார்த்து வையுங்கள்.

2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே விழுந்த கோல்கன் ஏர் விமானம் 3407-இன் ஃபர்ஸ்ட் ஆபீசர், முந்தைய இரவு சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாகச் சரக்கு விமானத்தில் நெவார்க்குக் கம்யூட் செய்து வந்திருந்தார். விபத்துக்கு முதன்மைக் காரணம் ஸ்டால் (இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நிலை) எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாகச் செயல்பட்டதே என்றாலும், கம்யூட்டும் களைப்பும் விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டன. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, பைலட்டுகளின் பணி, ஓய்வு நேரம் பற்றிய விதிகளான 117-ஆம் பகுதியின்படி, பணிக்குத் தகுதியான நிலையில் வந்து சேர்வது உங்கள் பொறுப்பு. கம்யூட் நேரம் பணிக்கணக்கில் வராது. விடியற்காலைப் பணி என்றால் முந்தைய மாலையே போய்க் கிராஷ்பேடில் (விமானப் பணியாளர்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகை இடத்தில்) தூங்குங்கள். மாத வாடகை கசக்கத்தான் செய்யும். நானும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை ‘பதிவு இல்லை’ என்று வந்தபோது, எங்கள் நிறுவனத்தின் குறியீட்டில் தேடும்படி ஏஜென்டிடம் கேட்டேன்; உடனே என் படம் வந்தது. கேபினில் இடம் இருந்தது. போகும் வழியில் கேப்டனிடம் கேட்டேன். சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, “வாருங்கள், பையை வைக்க இடம் இல்லையென்றால் இங்கே கொண்டுவாருங்கள்” என்றார். ஊழியர் எண்ணின் பூஜ்யங்களைப் பற்றி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே தெரிவிக்கிறேன்.